செம்பருத்திக்கு ஒரு துருத்தி

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் விஸ்வேஸ்வரன்தான். இருந்தும் மூச்சுச் சத்தம் கேட்டது.

பூவை முகத்தோடு முகம் வைத்துப் படம் பிடிக்கிறவனுக்குக் காற்று ஒரு எதிரி, சொந்த மூச்சு இன்னொரு எதிரி. மகரந்தத் தூளைப் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது எறும்பு தும்மினாலும் பூகம்பம்தான். அதனால் அவன் செம்பருத்தியைக் காம்போடு கிள்ளி வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் செருகி, ஜன்னல் கண்ணாடியைச் சாத்தி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் ஷட்டர் வயரை அழுத்துவான்.

மட்டாஞ்சேரியில் அன்று மத்தியானம் இடவப்பாதி என்கிற பருவமழை சற்று ஓய்ந்திருந்தது. வீட்டுக்குக் கீழே இருந்த சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் சாயா குடிக்கப் போயிருந்தார்கள். மனைவி சுந்தரி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையும் அங்கேதான், அவள் பக்கத்தில் பாயில். மாடியில் அவனும் பூவும் மட்டும்.

உள்ளே. வெளியே. நனைந்த கோணியைத் தரையில் மெல்ல இழுப்பது போன்ற சத்தம். தூரத்தில் இல்லை. அவன் மூக்குக்கு நேர் எதிரே.

விஸ்வேஸ்வரன் மூச்சை விட்டான். உடனே அந்தச் சத்தம் அவன் மூச்சுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பூனை இல்லை. மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கிறவனுக்கு மிளகுத் தூளும் சுக்குத் தூளும் நெஞ்சில் ஏறி, காதுவழியாக வெளியேறப் பார்க்கிறது போலும் என்று தீர்மானித்துக்கொண்டு அடுத்த படத்தை எடுத்தான்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் அன்று புதிதாக ஒன்று மாட்டியிருந்தான். துருத்தி. ஆர்மோனியத்தின் வயிறு மாதிரி மடிப்பு மடிப்பான கறுப்புத் தோல். பக்கத்தில் ஒரு திருகு. திருகினால் நீளும், எதிர்த்திசையில் திருகினால் சுருங்கும். நீள நீளப் பூ பெரிதாகும். அவன் கேமரா கிளப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. லென்ஸின் முகத்தில் பூதக்கண்ணாடி மாட்டுகிற கட்சி, லென்ஸுக்குப் பின்னால் இரும்பு வளையம் மாட்டுகிற கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் வாதம் செய்த நேரம் போக மிச்ச நேரத்தில் காயலோரத்துச் சீன மீன்வலையைப் படம் எடுத்தார்கள். விஸ்வேஸ்வரன் வளையம் வாங்கத்தான் தோப்பும்படிக் கடைத்தெருவுக்குப் போனான். அங்கே, கப்பல்காரர்களிடம் வாங்கி விற்கிற செல்லதுரை அவனை மடக்கிவிட்டான்.

"வளையம் எதுக்கு சாமி? ஒவ்வொண்ணா முறுக்கி முறுக்கி மாட்டுறதுக்குள்ள பூவே காயாயிரும்லா. இந்தச் சாதனத்தைப் பாருங்க. எறும்பு மீசையில மை பூசியிருக்கான்னு கூடத் தெரியும்."

"யார் வெச்சிருந்தது இது?"

"கப்பல்காரன். குடுத்துட்டு, திரும்பிக்கூடப் பாக்காம ஓடிட்டான். வீட்டுக்காரி ஞாபகம் போல."

தொட்டபோது தோல் இளஞ்சூடாக இருந்தது. வெயிலில் கிடந்திருக்கும் என்று நினைத்தான். அன்றைக்கு வெயிலே இல்லை என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

செம்பருத்தி ஒருநாள் பூ. காலையில் விரியும், சாயங்காலம் குடையை மடக்குகிற மாதிரி தன்னைச் சுருட்டிக்கொண்டு விழும். இந்தப் பூ அன்று சாயங்காலம் மடங்கவில்லை. மறுநாளும் மடங்கவில்லை. அதற்கு மறுநாள் சுந்தரி காபியோடு வந்தவள் பாட்டிலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏன்னா, இது என்னிக்குப் பறிச்ச பூவாக்கும்?"

"அன்னிக்குத்தான்."

"இன்னும் வாடலையே. தொட்டுப் பாருங்கோ, சுடறது. ஜுரக்காரா நெத்தி மாதிரி." விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஸ்வாமிக்கு வெக்கவும் பயம், வீட்டில வெக்கவும் பயம். தூக்கி எறியுங்கோ."

"கிளப்பில போட்டி இருக்கு. அது முடியட்டும்."

"ஆமா, பிரைஸ் குடுத்து யானைமேல ஏத்தப் போறா. குட்டிக்கு மூக்கடைச்சு ராத்திரியெல்லாம் குர்ரு குர்ருன்னு இழுக்கறா. அதைக் கேக்க ஆளில்லை. பூவுக்குக் காவல்!"

உண்மைதான். காமாக்ஷி என்ற காமுவுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. மழை ஈரம் அவள் மூக்கில் குடியேறியிருந்தது. வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் அந்தக் குறுகுறுப்பு கேட்கும். முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனபின், வெகுகாலம் கழித்து வந்தவள். அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்டால்தான் அவர்கள் இருவருக்கும் தூக்கம் வரும். கேட்காவிட்டால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து உட்காருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படத்தைக் கிளப்புக்குக் கொண்டுபோனான். வக்கீல் வெங்கிடாசலம்தான் கிளப்பின் தலைவர். கோர்ட்டில் யாரும் அவர் வாதத்தைக் கேட்பதில்லை என்பதால் இங்கே எல்லோரும் கேட்க வேண்டும். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பூ ஆடியிருக்கே, ஓய். மூச்சு விட்டீரோ?"

"விடலை, சார்."

"அப்போ பூ விட்டிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். விஸ்வேஸ்வரனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். பாட்டிலின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. காம்பும் அப்படியே. இதழ்கள் மட்டும் கலங்கியிருந்தன. காற்றில் ஆடிய கலக்கம் இல்லை அது. ஷட்டர் திறந்திருந்த அந்த நேரத்தில் பூ ஒருதரம் விரிந்து, ஒருதரம் சுருங்கியிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு நின்றது கொஞ்சம் தாமதமாகத்தான்.

வீட்டுக்கு வந்தபோது காமு பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக மழைக்கால வெளிச்சம், பட்டுத்துணியால் வடிகட்டியது மாதிரி, அவள் முகத்தில் விழுந்தது. கீழுதட்டில் ஒரு பால்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றது. படம் எடுக்கிற வியாதி உள்ளவன் வேறு என்ன செய்வான்? பூவைப் பற்றிய பயத்தை அந்தத் துளி அழித்துவிட்டது. முக்காலியைத் தூக்கி வந்து பாயோரம் வைத்தான். துருத்தியை முழுக்க நீட்டினான். வியூஃபைண்டரில் பால்துளி ஒரு வெள்ளை நிலாவாக எழும்பியது. மூச்சைப் பிடித்தான். அழுத்தினான்.

அந்தக் கணத்தில் காமு வாயைத் திறந்து, குளிர்ந்த நீரில் முங்கியவள் மாதிரி ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். குழந்தையின் நெஞ்சுக்குள் அவ்வளவு இடம் ஏது? பிறகு மெதுவாக விட்டாள். கண் திறக்கவில்லை. குறுகுறுப்பு மட்டும் மாறியிருந்தது. அவசரம் போய்விட்டது. பெரிய மனிதர்கள் தூங்குவதுபோல, நிதானமாக, நனைந்த கோணியை இழுப்பதுபோல.

சளி இளகுகிறது என்று சொல்லிக்கொண்டான். கேமராவைக் கொண்டுபோய்த் தன் அறையில் பூவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஓட்டின்மேல் யாரோ மிளகு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி கொட்டியது, கீழே கிடங்கிலிருந்து சுக்கின் காரமும் நனைந்த சணலின் நெடியும் படியேறி வந்தன, அடுக்களையில் சுந்தரி ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தமும் அடுத்த அறையில் காமுவின் குறுகுறுப்பும் மழைக்கு நடுவே மாறி மாறிக் கேட்டன. கரண்ட் போயிற்று. விஸ்வேஸ்வரன் சிம்னி விளக்கை ஏற்றி மேஜையில் வைத்தான்.

சுவரில் மூன்று நிழல். கேமரா, பாட்டில், பூ.

கேமராவின் நிழல் நீண்டது.

சுடர் ஆடுகிறது என்று நினைத்துச் சுடரைப் பார்த்தான். அது ஆணி அடித்ததுபோல நின்றது. துருத்தியைப் பார்த்தான். மடிப்புகள் ஒன்றை விட்டு ஒன்று மெல்ல விலகின. திருகு யாரும் தொடாமலே கால்வட்டம் சுற்றியது. பிறகு மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டின, திருகு திரும்பி வந்தது. பக்கத்தில் செம்பருத்தி, அதே தாளத்தில், விரிந்தது. சுருங்கியது. நடுத்தண்டு நாக்கு மாதிரி நீண்டு ஒடுங்கியது. விளக்கின் மண்ணெண்ணெய் வாசனையை மீறி வேறொரு வாசனை வந்தது. நெடுநேரம் மூடியிருந்த வாயின் வாசனை.

அவன் மூச்சைப் பிடித்தான். வேண்டுமென்று அல்ல.

உள்ளே. வெளியே.

கத்த நினைத்தான். கத்தினால் சுந்தரி வருவாள், வந்தால் பார்ப்பாள். ஜன்னல் வழியே எறியலாமா? கீழே விழுந்தும் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால்? கைகள் அவனைக் கேட்காமலே முன்னால் போயின. திருகைப் பிடித்தான். சூடு. எதிர்த்திசையில் திருகினான். துருத்தி இணங்கவில்லை. கழுத்தைப் பிடித்தவுடன் ஆடு முரண்டுவது மாதிரி முரண்டியது. மார்பை அதன்மேல் சாய்த்து அழுத்தினான். உள்ளே ஏதோ துடித்தது. இன்னும் அழுத்தினான். ஒரு மடிப்பு 'பட்' என்றது. முழுக்கச் சுருங்கியதும் பூட்டுத் திருகை இறுக்கினான்.

நின்றது.

செம்பருத்தி கறுத்தது. அவன் கண் முன்னால், காகிதம் எரிவது மாதிரி விளிம்பிலிருந்து கறுத்து, காம்பிலிருந்து கழன்று, மேஜையில் ஈரச் சத்தத்தோடு விழுந்தது.

விஸ்வேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தான். பரவாயில்லை. முடிந்துவிட்டது. காலையில் படகுத்துறைக்குப் போய் இதைக் காயலில் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக இரும்பு வளையக் கட்சியில் சேர்ந்துவிட வேண்டும். மழை பெய்தது. அடுக்களையில் ஸ்டவ் சீறியது. எவ்வளவு அமைதி.

எவ்வளவு அமைதி.

எழுந்தான்.

குறுகுறுப்பு கேட்கவில்லை.

விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காமு பாயில் மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. உதட்டில் நீலம். நெஞ்சின்மேல் கை வைத்தான். தட்டினான். தூக்கிக் குலுக்கினான். தலை பின்னால் தொங்கியது. வாயில் வாய் வைத்து ஊதினான். காற்று போகவில்லை. சுவரில் ஊதுவது மாதிரி. கிடத்தினான். திரும்ப ஓடினான். முக்காலியோடு கேமராவைத் தூக்கினான். கதவு நிலையில் இடித்தது. பாயோரம் வைத்தான். பூட்டை அவிழ்த்தான்.

துருத்தி அசையவில்லை. அதன் சொந்த உயிரை அவன்தான் நசுக்கிவிட்டான்.

"அசை," என்றான். "அசையேன்."

திருகைப் பிடித்துச் சுற்றினான். மடிப்புகள் விரிந்தன.

காமுவின் நெஞ்சு உயர்ந்தது.

எதிர்த்திசையில் சுற்றினான். நெஞ்சு தாழ்ந்தது. வாயிலிருந்து ஒரு சின்னப் பெருமூச்சு.

நீட்டினான். சுருக்கினான். நீட்டினான். உதட்டின் நீலம் வெளிறியது. ஒருதரம், ஒரே ஒருதரம், பார்ப்போமே என்று கையை எடுத்தான். நெஞ்சு பாதியில் நின்றது. நீலம் உடனே ஊறியது. பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

"ஏன்னா, குட்டி முழிச்சுட்டாளா?" சுந்தரி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

அவன் திருகைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சுந்தரி வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"இருட்டில கூடப் போட்டோவா? நன்னாருக்கு உங்க ஜோலி." குனிந்து குழந்தையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "பாருங்கோ, குர்ரு குர்ரெல்லாம் போயே போயிடுத்து. எத்தனை நன்னா மூச்சு விடறா! எங்கண்ணே பட்டுடும். உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்கறது?"

நீட்டினான். சுருக்கினான்.

"சாதம் ஆறறது. அந்தத் திருகலை விட்டுட்டுக் கையலம்பிண்டு வாங்கோ. இல்லேன்னா நானே வந்து எடுத்து அலமாரியில வெச்சுப் பூட்டிடுவேன், ஆமா." அவள் போனாள். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

நீட்டினான். சுருக்கினான். கட்டைவிரல் தோல் உரிந்து திருகு வழுக்கியது. கையை மாற்றினான். அப்போது மணிக்கட்டில் ஏதோ பட்டது. வெதுவெதுப்பான காற்று. அவன் அழுத்தியபோது ஒரு மடிப்பு கிழிந்திருந்தது. நூல் அகலம். சுருக்கும்போதெல்லாம் அந்தக் கிழிசல் வழியே மூச்சு வெளியேறியது. அதில் பால் வாசனை. இங்கே காற்று ஒழுக ஒழுக, அங்கே நெஞ்சு குறைவாக, இன்னும் குறைவாக உயர்ந்தது.

கிழிசலைக் கட்டைவிரலால் அடைத்தான்.

காமு கண்ணைத் திறந்து லென்ஸைப் பார்த்தாள்.

துருத்திக்குள்ளிருந்து, பல் முளைக்காத ஈறு ஒன்று அவன் விரலைக் கவ்விச் சப்பத் தொடங்கியது.