ருக்குமணி கேட்டு வாங்கிய ஓட்டு

அடுகோடி பஸ் ஸ்டாப்பில் செப்டம்பர் மழை சாய்ந்து அடித்தது. கார்மென்ட்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்த ருக்குமணி, கூரையடியில் ஒண்டிக்கொண்டு நோட்டைப் பார்த்து முணுமுணுத்தாள். "எலக்டோரல் ரோல்... வாக்காளர் பட்டியல். பிரிசைடிங் ஆபீசர்... வாக்குச்சாவடித் தலைவர்..."

"எந்தச் சின்னத்துல நிக்கிறீங்க?"

பக்கத்தில் நனைந்த சட்டையோடு ஒருவன். அந்தக் கண்களில் கேலி இருந்தது. பாவி, கேலியைவிட அழகு அதிகமாக இருந்தது...

"நிக்கல. ஓட்டுப் போடப் போறேன். என் முதல் ஓட்டு."

அதற்கு இங்கிலீஷ் எதற்கு என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் அவள் அப்பா சின்னப்பா, ஈஜிபுரா பேட்டையே மதிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி, பூத்துக்குப் போனபோது அவர் பெயரில் யாரோ ஓட்டுப் போட்டுவிட்டிருந்தார்கள். தமிழிலும் கன்னடத்திலும் கெஞ்சிப் பார்த்தார். ஆபீசரோ ஒரு இங்கிலீஷ் விதிப் புத்தகத்தைத் தட்டிக் காட்டி அனுப்பிவிட்டார். அன்று முழுக்க அப்பா யாரோடும் பேசவில்லை. அதனால்தான் சனிக்கிழமைதோறும் சரளா டீச்சரின் இங்கிலீஷ் வகுப்பு, அதனால்தான் இந்த நோட்டு என்று படபடவென்று சொல்லி முடித்தாள்.

அவன் கண்ணில் இப்போது கேலி இல்லை. மன்னிப்புக் கேட்டான். தன் பெயர் இராஜமாணிக்கம், தமிழ்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார் என்றான். நோட்டு அட்டையில் இருந்த அவள் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பஸ் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. சரி, ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

தேர்தலன்று பூத்தில் மை வைக்கும் மேஜையில் அவனே உட்கார்ந்திருந்தான்! ருக்கு அவனைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். ஆனால் பட்டியல் வைத்திருந்தவர் அவள் பெயருக்கு அடியில் போட்டிருந்த கோட்டைக் காட்டினார். காலையிலேயே ஓட்டுப் போட்டாயிற்றாம். வீட்டுக்குப் போம்மா என்றார்.

இராஜமாணிக்கம் முகம் வெளிறி எழுந்தான். "சார், இவங்களை எனக்குத் தெரியும்..."

"எனக்காக நீங்க பேச வேண்டாம்."

அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு நேராகத் தலைவரின் மேஜைக்கு நடந்தாள்.

"சார், ஐ வான்ட் எ டெண்டர்ட் பேலட்."

பூத்தே நிமிர்ந்து பார்த்தது. தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், உரியவர் கேட்டு வாங்கித் தனிச் சீட்டில் போடும் ஓட்டு அது. தலைவர் புத்தகத்தைப் புரட்டினார், அவளுடைய வாக்காளர் அட்டையைப் பார்த்தார், கேள்விமேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் இங்கிலீஷிலேயே பதில் வந்தது. இந்தச் சீட்டைத் தனி உறையில்தான் வைப்போம், மற்றவற்றோடு எண்ண மாட்டோம் என்று எச்சரித்துவிட்டுத் தலையசைத்தார். இருக்கட்டுமே... ருக்குமணி வந்தாள் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருக்கும். அந்த நிமிஷம் அவள் மகாராணி.

மை வைக்கும்போது இராஜமாணிக்கம் குனிந்தபடியே பேசினான். காலையில் அந்தப் பெயரைக் கேட்டதும் ஆசையாக நிமிர்ந்தானாம். வேறு முகம். இது வேறொரு ருக்குமணி போலிருக்கிறது என்று நினைத்து அந்த விரலுக்கும் மை வைத்துவிட்டானாம். தாழ்ந்த குரலில் அத்தனையும் ஒப்புக்கொண்டான்.

"இந்த மை அழியிற வரைக்கும் உங்ககூட பேச மாட்டேன்," என்றாள் ருக்கு.

அன்று மாலை அப்பா அந்த இங்கிலீஷ் வரியை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுகோடி பஸ் ஸ்டாப்பில் அவன் தினமும் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை, பார்வையால்கூடக் கெஞ்சவில்லை. அந்த அடக்கம்தான் அவளைப் படுத்தியது. பத்தொன்பதாம் நாள் மழையில் அவளே அவன் குடைக்குள் வந்து நின்றாள்.

"இன்னும் மை அழியலையே..."

"நகம் மெதுவாத்தான் வளருது. என்னால முடியல."

அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். "தேர்தலன்னைக்குக் காலையில இருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன், ருக்கு. இப்பவும் அப்படித்தான். உங்க அப்பாகிட்ட வந்து பேசட்டுமா?"

"வேண்டாம். உங்களைப் பிடிச்சிருக்குன்னு அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்... நீங்க என் பக்கத்துல நின்னா போதும்."