இதோ வந்துட்டேன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுங்களா. கதவைச் சாத்தியாச்சா? சரி, ஒரு கதை சொல்கிறேன். இதில் பேய் ஒரு தடவைகூடக் கத்தாது. ஆனாலும் இனிமேல் யாராவது உங்களிடம் "வந்துட்டேன்" என்று சொன்னால், சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று. அதன் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கணினிக்காரி வந்து உட்கார்ந்தாள். படுக்கை, மருந்து, ரத்தப் பரிசோதனை என்று அங்கே சகலமும் ஓடுகிற இணையச் செயலி அவள் பொறுப்பு. கட்டியவன் அவள் அண்ணன். அவன் எந்த ஃப்ரேம்வொர்க்கின், அதாவது எந்த மென்பொருள் அடித்தளத்தின், மேல் கட்டினானோ அது பழசாகி, அதை உண்டாக்கினவர்களே கைகழுவிவிட்டார்கள். புதுப் பதிப்புக்கு மாற்றியே ஆகவேண்டும். உள்ளே தூங்குகிறவர்களை எழுப்பாமல் வீட்டின் தூண்களை ஒவ்வொன்றாக உருவி மாற்றுகிற வேலை அது. மாதக்கணக்காகச் செய்து முடித்திருந்தாள். அன்றைக்குப் பழசை நிறுத்திப் புதுசை ஓடவிட வேண்டியதுதான் பாக்கி.

அவள் அம்மாவும் அதே ஆஸ்பத்திரியில், நாலாவது மாடியில்தான் நெஞ்சுவலியோடு படுத்திருந்தாள். "தேறிட்டாங்க, சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். பக்கம் திறக்கத் தாமதமானால் மற்றவர்கள் "காத்திருக்கவும்" என்று போடுவார்கள். அவன், "கொஞ்சம் இரும்மா, இதோ வந்துட்டேன்" என்று போட்டிருந்தான். நர்ஸுகளுக்கு அந்த வரி செல்லம். நம் ஆட்களைத்தான் தெரியுமே, செருப்பைக்கூட மாட்டியிருக்க மாட்டார்கள், வந்துட்டேன் என்பார்கள். ஒரு மழைநாளில் அவனும் அம்மாவிடம் போனில் அதையே சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

வந்து சேரவில்லை.

அந்த வரி வரும்போதெல்லாம் தங்கை திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புதுப் பதிப்பில் அதை அழித்துவிட்டு, "காத்திருக்கவும்" என்று வைத்தாள்.

புதுசை ஓடவிட்டாள். ஒரு பிழையும் இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தபோது போன் அடித்தது. அம்மாவின் வார்டு நர்ஸ்.

"என்னக்கா, உங்க கம்ப்யூட்டருக்குக் கால் முளைச்சிருச்சா? 'ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்துட்டேன்'னு காட்டுது!"

"எந்தப் பக்கத்துல?"

"உங்கம்மா பேரைத் திறந்தா மட்டும்."

தேடினாள். அப்படி ஒரு வரி புதுசில் இல்லை. பழசிலும் இல்லை.

அறையில் ஏதோ நாறியது. நனைந்த மழைக்கோட்டின் ரப்பர் வாடை. காலையில் அவள் வந்தபோது வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

நடைவழியில் காலடி. ஈரச் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம்.

அது அவள் அறைக்கதவுக்கு வெளியே வந்து நின்றது.

பிறகு லிஃப்ட் பக்கம் போனது.

மறுபடி போன். இப்போது நர்ஸின் குரலில் கேலி இல்லை. "அக்கா, 'லிஃப்ட்டுக்கு வந்துட்டேன்'ங்குது. அம்மாவுக்கு நாடி இறங்குதுக்கா. மேல வாங்க."

ஓடினாள். கதவுப் பிடியில் கை வைத்தபோது உறைத்தது. அந்த வரி இருந்தவரை அவன் வழியில்தான் இருந்தான். அவள் அதை அழித்தாள். வழி முடிந்துவிட்டது.

திரும்பி வந்து, பழைய பதிப்பையே திருப்பிப் போடும் கட்டளையைத் தட்டினாள். அவசரத்தில் ஓர் எழுத்து தப்பாயிற்று. மறுபடி தட்டினாள். திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அதன் அடியில் எழுத்து.

வார்டுக்கு வந்துட்டேன்.

"அண்ணா..." திரையைப் பார்த்துக் கெஞ்சினாள். "கொஞ்சம் இருண்ணா."

கதவுகிட்ட வந்துட்டேன்.

"அம்மாவை விட்டா எனக்கு யாருண்ணா இருக்கா? கொஞ்சம் இரேன்!"

கோடு முடிந்தது. திரை வெளுத்தது.

கொஞ்சம் இரும்மா, இதோ வந்துட்டேன்.

படியேறி மேலே போனாள். அம்மா கண் விழித்திருந்தாள். நாடி பழையபடி ஓடியது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா மகளைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

"ஏன்டி, அவன் அங்கேயே நிக்கிறான்? தொப்பலா நனைஞ்சிருக்கான். உள்ள கூப்பிடேன்."

வாசலில் யாரும் இல்லை. தரையில் மட்டும் இரண்டு ஈரச் செருப்புத் தடங்கள், உள்ளே பார்த்தபடி. துப்புரவுக்காரம்மா துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். மறுபடி ஈரம். "எங்கேருந்து ஒழுகுது இந்தச் சனியன்?" என்று கூரையைப் பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. செயலி இன்னும் பழைய பதிப்பில்தான் ஓடுகிறது. மேலாளர் கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம் இருங்க சார், இதோ முடிச்சிட்டேன்" என்கிறாள்.

மழை பெய்து நாளாகிறது. அவர்கள் வீட்டு வாசல் மிதியடி மட்டும் காய்வதே இல்லை.

அவ்வளவுதான், கண்ணுங்களா. போய்ப் படுங்க. உங்கள் வீட்டுக்கு "வந்துட்டேன்" என்று சொன்னவர்கள் எல்லாரும், சொன்ன வாயோடும் நடந்த காலோடும், உயிரோடு வந்து சேரட்டும்.