நாய் வாயில் குதிரைக்கறி

"பொழுது சாயறதுக்குள்ள என் புருஷனைத் தூக்குல போடப் போறாங்க ஐயா. அவர் அதைச் செய்யலை," என்றாள் தாமசின்.

கேப்டன் கெண்டல் முக்காலியை அவள் பக்கம் தள்ளினார். ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடக்கும் போரில் ராஜாவின் பக்கம் நிற்கும் ஆஷ்கோம் கோட்டையில் குற்றங்களை விசாரிப்பது அவர் வேலை. வெளியே பாராளுமன்றப் படை வளைத்துக்கொண்டு கிடந்தது. மேற்குச் சுவரில் பீரங்கி போட்ட ஓட்டையில் மாட்டுவண்டியே நுழையலாம். அந்த ஓட்டையை இதுவரை காத்தது துப்பாக்கிகள்தான். இன்று மதியம் வெடிமருந்துப் பீப்பாய்கள் எல்லாவற்றிலும் யாரோ தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். பீப்பாய்கள் இருந்த மருந்தறையின் சாவி தாமசினுடைய புருஷன் ஜைல்ஸின் பொறுப்பு.

"சாவி எங்கே இருந்தது?"

"காவலறை ஆணியில. முற்றத்துல குதிரைக்கறி போடுறாங்கன்னதும் எல்லாரும் ஓடினோம். அவரும் ஓடினார். அது தப்புதான். கறி வாசம் கண்டு எத்தனை நாளாச்சு."

"முற்றத்துக்கு யார் வரலை?" என்று கெண்டல் தன் உதவியாள் வாட்டைக் கேட்டார்.

"வராம இருப்பாங்களா? நம்ம பாதிரியார் ரெண்டு தடவை வரிசையில நின்னார், நானே பார்த்தேன். ஆனா வாங்கினதும் ஆளுக்கொரு மூலையா போயிட்டாங்க. பக்கத்துல உக்காந்தா பிடுங்கிடுவாங்களே."

கெண்டல் மறுபடி அவளைப் பார்த்தார். "வேற ஏதாவது கண்ணுல பட்டுதாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மருந்தறைக்குப் பின்னால ஒரு நாய் கறியைக் கவ்விக்கிட்டு நின்னுது. முழுத்துண்டு. மனுஷன் பல் படாதது. அடிச்சுப் பிடுங்கி, கழுவி, பிள்ளைக்குக் குடுத்துட்டேன்."

வாட் சிரித்தான். "இங்க கறியைத் தூக்கிப் போடுற ஆள் யாரு? நான் செருப்பு வாரை வேகவைக்கலாமான்னு யோசிக்கறேன்."

கெண்டல் சிரிக்கவில்லை. "இன்னைக்குப் புதன்தானே?"

"ஆமா. மாசக் கடைசிப் புதன்."

அவர் எழுந்து பாதிரியார் பெல்லிடம் போனார். "இந்த மாசம் வெள்ளிக்கிழமை உபவாசத்தன்னைக்கு யாராவது எதையாவது வாயில வச்சாங்களா சாமி?"

"சர் ஜாஸ்பர் ஒருத்தர்தான். விடிஞ்சதும் ரொட்டி கேட்டார். நான் சொன்னப்புறம், மறந்துட்டேன்னு சிரிச்சார். அரண்மனையில வளர்ந்தவங்க, என்ன பண்ணறது."

சர் ஜாஸ்பர் வென்னிங் மாதத் தொடக்கத்தில் முற்றுகையைத் தாண்டி உள்ளே வந்தவர். மூன்று வருஷமாக ஆக்ஸ்ஃபோர்டில் ராஜா பக்கத்திலேயே இருந்ததாகச் சொன்னார். உதவிக்குப் படை வருகிறது என்றும் சொன்னார். கோட்டை அந்தப் பேச்சை நம்பித்தான் பசியைத் தாங்கியது.

கூடத்தில் கோட்டைத் தலைவரும் பாதிரியாரும் வீரர்களும் கூடினார்கள். ஜைல்ஸைக் கை கட்டி நிறுத்தியிருந்தார்கள். கெண்டல் மதியம் தான் தொடாமல் வைத்திருந்த பங்கைத் தட்டோடு கொண்டுவந்து ஜாஸ்பர் முன்னால் வைத்தார்.

"மதியம் சாப்பிட்டீங்களா பிரபு?"

"எல்லாரையும் போலத்தான். உங்க குதிரை ரொம்பக் கிழடு."

சிலர் சிரித்தார்கள்.

"இதையும் சாப்பிடுங்க."

"வேண்டாம். வயிறு நிறைஞ்சிருக்கு."

சிரிப்பு நின்றது. அந்தக் கோட்டையில் யாரும் சொல்லாத சொல் அது.

"ராஜா நமக்கு வச்ச உபவாசம் ரெண்டாவது வெள்ளி," என்றார் கெண்டல். "ஆக்ஸ்ஃபோர்டுல அது சமையக்காரனுக்குக்கூடத் தெரியும். அன்னைக்கு நீங்க ரொட்டி கேட்டீங்க. சரி, மறதி. ஆனா லண்டன் பாராளுமன்றக்காரங்க உபவாசம் மாசக் கடைசிப் புதன். அது இன்னைக்கு. இன்னைக்கு உங்க பங்கை வாங்கிக்கிட்டுப் போய், மருந்தறைக்குப் பின்னால நாய்க்குப் போட்டீங்க. காவலறையில ஆள் இல்லை, சாவி ஆணியில. அந்த முற்றுகையைத் தாண்டி ஒரு கீறல்கூட இல்லாம எப்படி வந்தீங்கன்னு நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்."

"இது ஒரு சாட்சியா?" என்றார் ஜாஸ்பர்.

"இல்லை. ஒரு வாய் தின்னுட்டா நான் மன்னிப்புக் கேக்கறேன்."

ஜாஸ்பர் துண்டைக் கையில் எடுத்தார். உதடுவரை போனது. தட்டிலேயே போட்டுவிட்டார்.

"என்னால முடியாது."

வாட்டுக்குத் தாங்கவில்லை. "ஒரு ஏழையைத் தூக்குக்கு அனுப்ப முடிஞ்சுதே. கறி மட்டும் இறங்கலையா?"

"போர்ல பொய் சொல்லலாம். உபவாசம் கடவுளுக்குக் குடுத்த வாக்கு."

கோட்டைத் தலைவர் ஜன்னலுக்கு வெளியே தூக்குமரத்தைக் காட்டினார். ஜாஸ்பரை இழுத்துப் போனார்கள். அவர் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

"அப்போ உதவிக்கு வர்ற படை?" என்று ஒருவன் கேட்டான்.

"படை ஏதும் வரலைப்பா," என்றார் கெண்டல்.

ஜைல்ஸின் கட்டை அவிழ்த்தார்கள். தாமசின் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். தலைவர் சுவரோரம் சாய்த்திருந்த ஈட்டி ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"துப்பாக்கி இனி உதவாது. மேற்கு ஓட்டையில போய் நில்லு. இருட்டறதுக்குள்ள எதிரிங்க ஏறி வந்துடுவாங்க."

"உசிரைக் குடுத்துட்டு உடனே திருப்பிக் கேக்கறீங்களே ஐயா," என்றான் ஜைல்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. ஈட்டியை வாங்கிக்கொண்டு நடந்தான்.

தாமசின் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. பாவாடை மடியில் எறிகற்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே அவன் பின்னால் போனாள்.