நிறம் கூட்டும் சொட்டு

காலையில் எழுந்ததும் வாசல் கதவைத் திறந்து, வீடு நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மிதவூர்க்காரர்களின் வழக்கம். நங்கூரங்கள் உறுதியானவைதான். ஆனாலும் நீரோட்டம் பலமாக இருந்த இரவுக்குப் பிறகு எதிர்வீடு மாறிப்போயிருக்கும். வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்க இரண்டு தெரு தேட வேண்டியிருக்கும். விர்ஜீனியும் எட்டிப் பார்த்தாள். நாத்தனார் செலினுடைய வீடு எதிரிலேயே அசைந்துகொண்டிருந்தது. திருப்தியோடு கதவைச் சாத்திவிட்டு, கணவனுக்குக் காப்பி போடுவதற்கு முன்பே கூடத்துப் பவளத்தைக் கவனிக்கப் போனாள்.

தூத்துக்குடியின் பழைய கரை நீருக்குள் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கடல் சூடேறிப் பவளப் பாறைகள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தபோது, மிச்சமிருந்தவற்றைக் கடல்மீட்புத் துறை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி எடுத்தது. கல்யாணமாகித் தனி வீடு மிதக்கவிடும் ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு துண்டு, ஒரு கண்ணாடித் தொட்டி. கடல் ஆறும்வரை உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

விர்ஜீனிக்கும் கஸ்பாருக்கும் கிடைத்தது மான்கொம்புப் பவளம். அது இப்போது தொட்டி நிறையக் கிளைவிட்டிருந்தது. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த துளியூட்டி என்னும் சிறு இயந்திரம் தண்ணீரை ருசித்துப் பார்த்து, என்ன குறைகிறதோ அதை மட்டும் சொட்டும். எலும்புக்கூடு கட்டச் சுண்ணாம்புச் சத்து, கொஞ்சம் அயோடின், வாரம் ஒருமுறை அமினோ அமிலம். இந்த வீட்டுத் துளியூட்டி பெரும்பாலும் சும்மாவே இருந்தது. பவளத்துக்கு ஒரு நோய் நொடி கிடையாது.

குறை என்று சொன்னால் நிறம் ஒன்றுதான். செலின் வீட்டுப் பவளம் ஊதா. அடுத்த வீட்டில் கிளிப்பச்சை. கோவில் பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டுத் தொட்டியை ஒருவர் பார்க்கப் போவார்கள். விர்ஜீனி வீட்டில் மட்டும் வந்தவர்கள் பவளத்தைப் பார்த்துவிட்டு, திரைச்சீலை நன்றாக இருக்கிறது என்பார்கள். அது கருப்பட்டிக் காப்பியின் நிறம்.

அன்று செலின் படகுப் பாலத்தைத் தாண்டி ஓடிவந்தாள். கையில் ஒரு நீலப் புட்டி.

"மைனி, மணப்பாட்டு மிதவூர்லருந்து சேதி வந்துட்டு. நம்ம ஆக்னஸைப் பொண்ணு பாக்க அடுத்த மாசம் வருதாக."

"மெய்யாவா?" மகளின் பெயரைக் கேட்டதும் விர்ஜீனி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மெய்தான். ஆனா மாப்பிள்ளையோட அம்மா கூடத்துக்குள்ள நுழைஞ்சதும் தொட்டியைத்தான் பாக்கும். பவளத்த வச்சே குடும்பத்தச் சொல்லிரும். இது என்ன மைனி, கயித்துத் தும்பு மாதிரி கெடக்கு? இந்தா, நாங்க இதத்தான் விடுதோம். காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். விளக்கையும் கூட்டி வையுங்க."

புட்டியின் பெயர் வண்ணோதயம். பவளத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் அழகை வெளியே கொண்டுவரும் என்று அதன்மேல் எழுதியிருந்தது.

முதல் சொட்டு விழுந்ததும் துளியூட்டி தண்ணீரை ருசித்துவிட்டு, "புதிய பொருள் கலந்திருக்கிறது. இந்தப் பவளத்துக்கு இது தேவைப்படவில்லை," என்றது. விர்ஜீனி அதன் குரலை அணைத்துவிட்டாள்.

உப்புநீக்கும் ஆலையிலிருந்து வந்த கஸ்பார் சட்டையைக் கழற்றியபடி தொட்டியைப் பார்த்தான். "அது நல்லாத்தானடி இருக்கு. எதுக்குப் போட்டு நோண்டுத?"

"பிள்ளைக்கு நல்லது நடக்கணும்னு ஒங்களுக்கு நெனப்பே கெடையாது," என்றாள். கஸ்பார் கழற்றிய சட்டையைக் கொடியில் போட்டான். அவனுக்கும் அந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது.

பழுப்பு மெல்ல வடிந்தது. கிளை நுனிகளில் முதலில் ஒரு வெளிர் ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. பிறகு அடிவரை பரவி, விளக்கை அணைத்தாலும் கண்ணில் நிற்கும் அளவுக்கு ஒளிவிட்டது. விர்ஜீனி காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் இந்த அழகை வீணாக்கிவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. பூசை முடிந்து வந்தவர்கள் இப்போது திரைச்சீலையைப் பற்றிப் பேசவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தொட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். "பவளத்தையே இப்பிடி வளக்கிற கை, பிள்ளைய எப்பிடி வளத்திருக்கும்!" என்று சொல்லி விர்ஜீனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே நிச்சயம் ஆயிற்று.

ஆக்னஸ் கடல்மீட்புத் துறையில் முக்குளிப்பவள்; பல வாரக் கடல் வேலை முடிந்து அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தாள். மாப்பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசியதில் அவளுக்கும் சம்மதம்தான். விருந்தாளிகள் படகேறியதும் அவள் தொட்டியருகே போய்க் குனிந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எம்மா, இதுக்கு என்ன கொடுத்த?"

"ஏன், நல்லாயில்லையா?"

ஆக்னஸ் உடனே துறையின் பவள மருத்துவரை அழைத்தாள். டாக்டர் ஷமீமா கீழக்கரைப் பக்கத்துக்காரர். மறுநாளே வந்தார். கடல் ஆறத் தொடங்கிவிட்டதாகவும், திருப்பி நடுவதற்கான பவளங்களை வீடு வீடாகத் தேர்ந்தெடுப்பதாகவும் சொல்லிக்கொண்டே ஒரு நீல விளக்கைத் தொட்டிமேல் பிடித்தார். குனிந்து ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார்.

"அக்கா, இது செத்துக்கிட்டிருக்கு."

விர்ஜீனி சிரிக்க முயன்றாள். "இவ்வளவு நெறமா இருக்கே டாக்டரம்மா."

"நிறம்தாங்க்கா நோய். பவளத்தோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெயில வாங்கிச் சோறாக்கிக் கொடுக்கிறது அதுதான். பழுப்பு நிறம் அந்தப் பாசியோடது. நீங்க ஊத்தின மருந்து பாசியைத் துரத்திருச்சு. இப்ப வெளிச்சம் நேரா சதையில விழுது. அதத் தாங்க முடியாம, மேல போத்திக்கிற துணிதான் இந்த ரோஸ் கலரு. துணியும் போச்சுன்னா வெறும் வெள்ளை எலும்பு."

விர்ஜீனி தொட்டியின் கண்ணாடியில் கை வைத்தாள். கல்யாணமான வாரத்தில் ஈரத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்த துண்டு அது. ஆக்னஸ் நடை பழகியது அந்தத் தொட்டியின் காலைப் பிடித்துத்தான்.

"இதுக்கு என்ன மருந்து கொடுக்கணும்?"

"ஒண்ணும் கொடுக்கக் கூடாது."

"சத்து ஏதாவது?"

"ஒண்ணுமே வேண்டாங்க்கா. வெளக்கக் கொறைங்க. தண்ணிய மாத்துங்க. அப்புறம் சும்மா இருங்க."

சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று விர்ஜீனிக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. காலையில் தொட்டியருகே போனால் கை தானாகப் புட்டியைத் தேடும். ஒரு சொட்டு அயோடினால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றும். துளியூட்டியின் குரலைத் திரும்ப இயக்கி, "ஏதாவது வேணுமா அதுக்கு?" என்று கேட்பாள். "இல்லை," என்று அது சொல்லும். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்பாள். கடைசியில் கைகளை அடக்குவதற்காக வலை பின்னக் கற்றுக்கொண்டாள்.

பவளம் மேலும் வெளுத்தது. ஒரு கிளை முழுக்க எலும்பாகிப் பச்சைப் பாசி படிந்தது. அதைப் பார்த்து அழுதாள். ஆனால் எதையும் ஊற்றவில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்கள் வந்து போனபின் ஒருநாள், அடிக்கிளை ஒன்றில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை தெரிந்தது. துடைத்தால் போகிற கறையா என்று பயந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். கறை பரவியது. பொங்கி வழிந்த மகிழ்ச்சியில், ஆலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த கஸ்பாரைத் திரும்ப வரவழைத்துக் காட்டினாள்.

"கருப்பட்டிக் கலரு!" என்றான் அவன். அது பாராட்டு என்பது இருவருக்கும் புரிந்தது.

நடுவதற்குத் தேறியவற்றின் பட்டியலைத் துறை அறிவித்தபோது, மிதவூர் திகைத்துப் போயிற்று. ஊதாவும் கிளிப்பச்சையும் ஒன்றுகூடத் தேறவில்லை. விர்ஜீனி வீட்டு மான்கொம்பு முதல் வரிசையில் இருந்தது. அடுத்த வாரமே கடைகளில் பழுப்பேற்றி என்று ஒரு புதுப் புட்டி வந்தது. செலின் இரண்டு வாங்கிவந்து, தன் ஊதாப் பவளத்துக்கு இரண்டையும் ஒரே நாளில் ஊற்றினாள். விர்ஜீனி தடுத்துப் பார்த்தாள். "ஒங்களுக்கு ஆகிப்போச்சு, நீங்க சொல்லுவீக," என்றாள் செலின்.

பவளத்தை வெட்டி எடுத்து, கடலடிப் பாறையில் நட்டு, அது பிடிக்கும்வரை கூட இருந்து காவல் காக்கும் குழுவில் ஆக்னஸும் போனாள். பகலெல்லாம் திறந்த படகிலும் தண்ணீருக்குள்ளும் கிடக்கிற வேலை. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளே இருக்கையில் அவள் வீடு திரும்பினாள். உள்ளே நுழையும்போதே உள்ளங்கைத் திரையை நீட்டினாள்.

"எம்மா, பிடிச்சுக்கிச்சு! பாரு, புதுசா நுனி விட்டிருக்கு. மீனு வந்து நிக்கி!"

படத்தில் பழுப்புக் கிளைகளுக்கு நடுவே சின்னஞ்சிறு மீன்கள் முகம் காட்டின. விர்ஜீனி சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை நாள் சும்மா இருந்ததற்கு இதுவே போதும் என்று நெஞ்சு நிறைந்தது. மகளைக் கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தவள், அவள் தாடையைப் பிடித்து முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஏட்டி, என்ன இப்பிடிக் கறுத்துப் போயிட்ட?"

"வெயில்லதானம்மா வேல. ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு. இந்தக் குழுவுலயே ரொம்ப நேரம் மூச்சுப் பிடிக்கிறது நாந்தான்."

விர்ஜீனிக்கு அது காதில் விழவில்லை. மாப்பிள்ளையின் அம்மா போன வாரம் கொடுத்தனுப்பிய தங்கநிறப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். தோலுக்குள் இருக்கும் கருநிறத்தை வேரோடு கரைத்து, உள்ளே ஒளிந்திருக்கும் அழகை வெளியே கொண்டுவரும் சொட்டு மருந்து. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம்.

"எனக்கு ஒரு நோவும் இல்லையேம்மா," என்றாள் ஆக்னஸ்.

"நோவுக்கா கொடுக்காக? அவுக ஆசையா அனுப்பிருக்காக." விர்ஜீனி மூடியைத் திருகினாள். "இன்னும் நாள் இருக்கு, நல்லா நெறம் வந்துரும். வாயத் தொற."