இரண்டாவது வரி

மழைக்குப் பயந்து ஓடிவந்து ஏறியது வேறு கம்பெனி சுமோ என்று மகாவுக்குத் தெரிந்தபோது, வண்டி சில்க் போர்டைத் தாண்டியிருந்தது.

"பரவால்ல, உட்காருங்க மேடம்," என்றான் பக்கத்திலிருந்தவன். "எலெக்ட்ரானிக் சிட்டிதானே... இந்த மழைல உங்கள எங்க இறக்கி விட?"

அவன் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. கண்களில் சிரிப்பு... மகா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆம்பூரை விட்டு பெங்களூர் வந்த இந்த ஒரு வருஷத்தில், யாரையும் இரண்டாம் தடவை பார்க்க அவளுக்குத் தோன்றியதில்லை. இன்று பார்த்துத் தொலைத்தாள்.

வண்டி நின்ற வாசலைக் கண்டதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. அன்று அவள் வர வேண்டிய இடமே அதுதான்! அவள் கம்பெனி விற்ற, கணக்குகளைச் சேமிக்கும் டிஸ்க் அலமாரி இங்கே தகராறு செய்கிறதாம்; சம்பளக் கணக்கு ஓடி முடிய மணிக்கணக்கில் ஆகிறதாம். புகார் கொடுத்தவன் எட்வின், ரிச்சர்ட்ஸ் டவுன்காரன், சம்பளக் கணக்கு புரோகிராம் எழுதியவன்... அதே மழைத்துளிக்காரன்.

"தப்பு டிஸ்க்லயா, புரோகிராம்லயா?" என்றார் மேனேஜர் சீனிவாசராகவன். "புரோகிராம்னா எட்வின் இந்த வேலைல இருக்க மாட்டார்."

எட்வின் புரோகிராமை ஓடவிட்டான். மகா கறுப்புத் திரையில் 'ஐயோஸ்டாட்' என்று அடித்தாள். டிஸ்குகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று சொல்லும் கட்டளை அது. ஒரே ஒரு தடவை ஓட்டினாள். எல்லா டிஸ்கும் ஓய்வாக இருப்பதாகத் திரை சொன்னது.

"டிஸ்க் சும்மாதான் சார் இருக்கு. தப்பு புரோகிராம்லதான்."

"இன்னொரு தடவ பாருங்களேன்..." என்றான் எட்வின்.

"எனக்கே வேலை சொல்லித் தர்றீங்களா?"

சாயங்காலத்துக்குள் வேலையை வேறு ஆளிடம் ஒப்படைக்கும்படி எட்வினிடம் சொல்லிவிட்டார் மேனேஜர். அந்தக் கண்களில் சிரிப்பு அணைந்ததைப் பார்த்தபோது, ஜெயித்தும் மகாவுக்கு மனசு கேட்கவில்லை.

பையை எடுக்க மெஷின் ரூமுக்குப் போனாள். கம்ப்யூட்டர் நெற்றியில் காய்ந்துபோன சந்தனம், குங்குமம்.

"போன ஆயுத பூஜைக்கு வெச்சது மேடம்," என்றார் ஆபரேட்டர் மஞ்சுநாத். "அன்னைக்கு ஆன் பண்ணது... அப்புறம் ஒரு தபா கூட நிறுத்தல."

அப்போதுதான் மகாவுக்கு உறைத்தது. அந்தக் கட்டளை காட்டும் முதல் வரி, மெஷினை ஆன் பண்ணிய நாளிலிருந்து இன்றுவரைக்குமான சராசரி. சும்மா கிடந்த ராத்திரிகள், ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில் சேர்த்தி. இப்போது நடப்பது இரண்டாவது வரியில்தான் வரும். இது தெரிந்தவள்தான்... ஆனால் அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

பேசாமல் போய்விடலாம். அவள் கம்பெனி மானமும் தப்பும், அவள் மானமும் தப்பும். ஆனால் எட்வின்?

திரும்பி வந்தாள். எல்லோரையும் கூப்பிட்டு, புரோகிராமை மறுபடி ஓடவிட்டு, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை காட்டும்படி கட்டளையை அடித்தாள்.

"முதல் வரி பழைய கதை சார். ரெண்டாவதப் பாருங்க."

ஒரே ஒரு டிஸ்க் நூறு சதவீதத்தைத் தொட்டுத் திணறிக்கொண்டிருந்தது. மற்றவை தூங்கின.

"மொத்த பாரத்தையும் ஒரே டிஸ்க்ல வெச்சது எங்க ஆளுங்க. எட்வின் மேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவன் பெருமூச்சு மேஜையின் இந்தப் பக்கம் வரை கேட்டது. இருவருமாக உட்கார்ந்து பாரத்தை எல்லா டிஸ்குக்கும் பிரித்துப் போட்டார்கள். சாயங்காலம் சம்பளக் கணக்கு டீ ஆறுவதற்குள் ஓடி முடிந்தது. "நீயே பாத்துக்கோப்பா," என்று எட்வின் தோளைத் தட்டிவிட்டுப் போனார் மேனேஜர்.

"வயித்துல பால வார்த்தீங்க மேடம்," என்றான் அவன். அணைந்த சிரிப்பு திரும்பி வந்திருந்தது. மகாவுக்கும் அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. வாசலில் வரிசையாக வண்டிகள். எட்வின் சுமோவில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்தில் துப்பட்டா உரசியது.

"மேடம்... மறுபடியும் வண்டி மாறி ஏறிட்டீங்க."

"இல்ல எட்வின்," என்றாள் மகா. இந்தத் தடவை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "பாத்துதான் ஏறினேன்."