கிளென் வேவர்லி விலாசம்

குப்பைத்தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

காரின் பின்பெட்டியிலிருந்து இறக்கிய குப்பைப் பையோடு பிறின்சி அப்படியே நின்றாள். தொட்டிக்குள் மீன் முள், தேயிலைச் சக்கை, சூடு ஆறாத சோறு. கிளென் வேவர்லியில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த அந்த வீட்டில் ஒருவரும் குடியில்லை. குடும்பம் இருப்பது அரைமணி ஓட்டத்தில் வேறோர் ஊரில். மகள் ஜெனோஜாவுக்கு இங்குள்ள பள்ளியில் இடம் வேண்டுமென்றால் விலாசமும் இங்கே வேண்டும். அதனால் வியாழன்தோறும் வந்து, கடிதம் எடுத்து, விளக்குப் போட்டு, சொந்த வீட்டுக் குப்பையைக் கொட்டி, குடியிருப்பதாக நடித்துவிட்டுப் போவாள். கள்ளம்தான். பிள்ளைக்காக எந்தத் தாய் செய்யமாட்டாள்?

ஒருகாலத்தில் பழத்தோட்டமாக இருந்த ஊர். ரயில் வந்தது, வீடுகள் முளைத்தன, பள்ளி பெயரெடுத்ததும் எல்லாம் ஆனை விலை, குதிரை விலை. இப்போது வருகிற சனம் வீட்டைப் பார்க்குமுன் பள்ளி எல்லை வரைபடத்தைத்தான் பார்க்கிறது.

பையை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். பொரித்த மீன் மணத்தது. மாலை வெயில் திரைச்சீலை வழியே மஞ்சளாக விழுந்த மேசையில் மூன்று சோற்றுக் கோப்பைகள், மூன்றிலும் ஈரப் பருக்கைகள், அறைக்குள் யாரோ பாடத்தை வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கும் சத்தம்.

வாசலுக்கு ஓடினாள். பூட்டு திரும்பியது, கதவு அசையவில்லை. பின்கதவும் அப்படியே. கணவனுக்குப் போன் எடுத்தாள்.

“எறிக், இஞ்ச ஆரோ இருக்கினம். கதவு திறக்குதில்லை. கெதியா வாங்கோ!”

“வாறன், ஜெனோஜாவும் இஞ்ச என்னோடதான், பயப்பிடாதையும். சத்தம் மட்டும் போடாதையும், அயலுக்குத் தெரிஞ்சா சீட் போயிடும்.”

வாசலில் மணி அடித்தது. கண்ணாடிக்கு வெளியே கையில் டாப்லெட்டோடு ஒரு வெள்ளைக்காரி. விலாசம் சரிபார்க்கப் பள்ளியிலிருந்து வந்தவள். உண்மையைச் சொன்னால் ஜெனோஜாவின் இடம் போய்விடும். பிறின்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் அறைக்கதவு திறந்தது.

இடமாவது மண்ணாவது! இரு கைகளாலும் கண்ணாடியில் அறைந்தாள்.

“வி டோன்ட் லிவ் ஹியர்! ஓப்பின் தி டோர்!”

வெளியே கேட்கவில்லை. வந்தவள் சிரித்தாள். பிறின்சியின் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கையசைத்தாள். டாப்லெட்டில் குறித்துக்கொண்டாள்.

வந்தவளின் கார் போயிற்று.

ஈரமான சின்ன விரல்கள் அவள் கையைப் பிடித்தன.

“அம்மா, இனி இதுதானே எங்கட வீடு?”

திரும்பினாள். ஜெனோஜாவின் முகம். விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில் இருந்த முகம். அதே நேர்ப்பார்வை. சிமிட்டாத கண்.

“அம்மா” என்றது மறுபடியும்.

உதடு அசையவில்லை.