கூப்பிட்ட குரலுக்கு

"யூலான்! அரிசியைக் கழுவி வை!" என்று கீழே கொட்டகையிலிருந்து மாமியார் கூப்பிட்டாள். மாடியில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த லுவா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், சமையலறையிலிருந்து பதில் போய்விட்டது.

"யா..."

மெல்லிய குரல், முடியும்போது லேசாகத் தாழ்ந்து அடங்கும் குரல். வியட்நாமில், லுவா பிறந்த மெகாங் டெல்டாவில், பெரியவர்கள் கூப்பிட்டால் பெண்கள் அப்படித்தான் பதில் சொல்வார்கள். இதோ வருகிறேன், சரி, அப்படியே ஆகட்டும் எல்லாம் அந்த ஓரெழுத்துக்குள் அடக்கம். தைவானின் இந்தக் கடற்கரை வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வாய் இன்னும் பாதி திறந்தபடி மாடியில் இருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து பார்த்தாள். சமையலறையில் யாரும் இல்லை. மேடைமேல் பானையில் அரிசி கழுவி வைக்கப்பட்டிருந்தது. வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர், கையை இப்போதுதான் வெளியே எடுத்ததுபோல இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

கொட்டகைக்குப் போனாள். மாமியார் ச்சுன்மெய் மணைக்கட்டையில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒவ்வொரு சிப்பியாக எடுத்து, கத்தி முனையைச் செருகித் திறந்து, சதையை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அரிசி..."

"கழுவிட்டல்ல? அப்புறம் எதுக்கு இங்க வந்து மரம் மாதிரி நிக்கற? கத்தியை எடு."

லுவா கத்தியை எடுத்தாள். பயத்தைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. மாமியாரின் மொழியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சோறு, துணி, சிப்பி, சீக்கிரம் போன்றவைதான்.

யூலான் என்பது அவள் பெயரே அல்ல. கல்யாணமாகி இங்கே வந்த முதல் நாளில் மாமியார் வைத்த பெயர் அது. லுவா என்பதில் அப்படி ஒன்றும் நாக்கு சுளுக்கிவிடாது. "இருந்தாலும் யூலான்தான் சௌகரியம், நாக்குக்குப் பழகிப்போச்சு" என்றாள் மாமியார். ஒருமுறைகூடக் கூப்பிடாத பெயர் எப்படி நாக்குக்குப் பழகும் என்று லுவா அன்றைக்குக் கேட்கவில்லை. பத்தொன்பது வயது. கேட்கத் தெரியவில்லை. கணவன் ஜிங்தே ஏற்கெனவே ஒருமுறை கல்யாணமாகி, முதல் மனைவி ஓடிப்போனவன் என்று தரகுக்காரி சொன்னபோதும் கேட்கவில்லை. அவன் நல்லவன்தான். நகரத்துத் தொழிற்சாலையில் வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவான், வந்தால் தூங்குவான்.

அது குளிர்காலம். வடகிழக்குக் காற்று விடாமல் அடித்து, ஜன்னல் கண்ணாடியெல்லாம் உப்புப் பூத்து, வெளியே இருக்கும் கடல் வெறும் சாம்பல் நிறக் கறையாகத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கடற்சுவர், அதற்கப்பால் சேற்றுப்பரப்பில் வரிசை வரிசையாக மூங்கில் கழிகள், அவற்றில் தொங்கும் சிப்பிக் கயிறுகள். நீர் வற்றும்போது அங்கே நடந்து போய்க் கயிறுகளை அறுத்துக்கொண்டு வருவார்கள். நீர் ஏறும்போது கழிகளின் நுனி மட்டும் தெரியும். வீட்டைச் சுற்றிலும் காலி ஓடுகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்க, ராத்திரி பகல் பாராமல் ஒரு நாற்றம், உப்பும் அழுகலும் கலந்தது, துணியிலும் தலைமுடியிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். அதற்கெல்லாம் லுவா பழகியிருந்தாள்.

பழகாத வாசனை ஒன்று புதன்கிழமை வந்தது. சமையலறைக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது மீன்சாறு. அவள் ஊர் மீன்சாறு, மீனை உப்பில் ஊறவைத்து வடித்தது, மண்பானையில் சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சியது. அம்மா வீட்டு மத்தியானம் அப்படியே எழுந்து வந்து நின்றது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டுக்குள் மீன்சாறு கொண்டுவரக் கூடாது என்பது மாமியாரின் கட்டளை. மூன்று வருஷமாக ஒரு புட்டிகூட உள்ளே வந்ததில்லை.

வியாழக்கிழமை கொட்டகையில் இரண்டு பேரும் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் கத்தியை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். லுவா வாளியை நகர்த்துவதற்காகக் கையை எடுத்தாள். இரண்டு கத்திகளும் சும்மா இருந்தன. டக். டக். டக். குவியலுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, பழகிய கை உடைக்கும் சத்தம்.

லுவா மாமியாரைப் பார்த்தாள். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்க வழியில்லை. மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். அன்றைக்கு எப்போதையும்விட இரண்டு வாளி அதிகமாக நிறைந்தது.

பயம் அவள் குழந்தைமேல் வந்து நின்றது வெள்ளிக்கிழமைதான். அவள் கழிப்பறையில் இருந்தபோது, "யூலான், குழந்தை சிணுங்கறா, துணியை மாத்து" என்று கீழேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. அவசர அவசரமாக வெளியே வந்து மாடி ஏறினாள். துணி மாற்றியாகிவிட்டது. நான்கு மூலையும் உள்ளே மடித்து, அவள் ஊர்ப் பெண்கள் கட்டும் விதத்தில் கட்டியிருந்தது. எட்டு மாதக் குழந்தை கைகாலை ஆட்டிக்கொண்டு, லுவாவைப் பார்க்காமல், லுவாவின் தோளுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்துச் சிரித்தது. அள்ளி எடுத்து நெற்றியில் முத்தமிட்டாள். நெற்றி சில்லென்றிருந்தது. உதட்டில் உப்புக் கரித்தது.

பிள்ளைக்கு அவள் வீட்டில் கூப்பிடும் பெயர் தவக்களை. அழகாகக் கூப்பிட்டால் காற்றில் அலைகிற ஆவிகள் காது கொடுத்துவிடும் என்பதால் அவள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் அசிங்கப் பெயர் உண்டு. மாமியாரோ தெருவுக்கே கேட்கும்படி, "என் தங்கமே, என் முத்தே" என்று கொஞ்சுவாள். ஒவ்வொரு முறையும் லுவா அவசரமாகத் தவக்களை என்று சொல்லி வைப்பாள்.

அன்றிலிருந்து குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே வேலை செய்தாள். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

"ஓட்டுச் சில்லு தெறிச்சுப் பிள்ளை கண்ணு போகணுமா? உங்க ஊர்ல அறிவையே வளக்க மாட்டாங்களா? மேல தூங்க வை!"

தூங்க வைத்தாள். ஆனால் காதை மாடியிலேயே வைத்திருந்தாள். மாமியார் வாயைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து ஓடினாள். தான் முந்த வேண்டும், பிள்ளையிடம் தான்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒருமுறை யாருமில்லாத சமையலறையில் நின்று, தாய்மொழியில், "யூலான் அக்கா?" என்று அவளே கூப்பிட்டுப் பார்த்தாள். குழாய் மட்டும் சொட்டியது.

திங்கட்கிழமை மத்தியானம், பழுதான கயிறுகளைக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி மாமியார் அவளை பீச் என்பவளின் வீட்டுக்கு அனுப்பினாள். மூன்று வீடு தள்ளி, அதே தெரு; மாடியில் தூங்கும் பிள்ளை விழிப்பதற்குள் திரும்பிவிடலாம். பீச்சும் வியட்நாமியப் பெண்தான், வந்து பதினைந்து வருஷம், இந்த ஊரில் லுவா வாய்விட்டுப் பேசக்கூடிய ஒரே ஆள். கயிற்றைக்கூடக் கீழே வைக்காமல் லுவா எல்லாவற்றையும் கொட்டினாள்.

பீச் சிரிக்கவில்லை. அதுதான் லுவாவைக் கதிகலங்க வைத்தது.

"அந்தப் பேரை உனக்கும் வெச்சாளா அந்தக் கிழவி? அடிப்பாவி. அது சர்க்கார் காகிதத்துல உனக்கு வெச்ச பேராக்கும்னு நான் நெனச்சிட்டேன்."

"யாருக்கா அது?"

"உனக்கு முன்னால இருந்தவ. நம்ம பக்கத்துப் பொண்ணுதான், கா மாவ் ஊர்க்காரி. அஞ்சு மாசம் வயித்துல. நீர் ஏறுற நேரம், எல்லாரும் கரைக்கு வந்துட்டோம். உன் மாமியார் சுவத்து மேல நின்னுக்கிட்டு, ‘யூலான், கடைசி வரிசைக் கயிறு இருக்கு, எடுத்துட்டு வா’ன்னா. அவ ‘யா’ன்னா. திரும்பிப் போனா. அவ்வளவுதான்."

"முதல் பொண்டாட்டி ஓடிப் போயிட்டான்னு..."

"அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. வெளிநாட்டுப் பொண்டாட்டி, ஓடிட்டான்னா யார் கேப்பா? வேண்டாம்னு ஒரு வார்த்தை அவ வாயில வராதுடி. கூப்பிட்டா போவா. கிழவி கூப்பிட்டா மட்டும். நாங்க எத்தனை பேர் ‘போகாதே’ன்னு கத்தினோம் தெரியுமா?"

"அவ நிஜப் பேரு என்னக்கா? அந்தப் பேரைச் சொல்லிக் கும்பிட்டுக்கறேன். போயிடச் சொல்லிக் கேக்கறேன்."

பீச்சின் முகம் கோணியது. "தெரியாதுடி. நாங்க எல்லாருமே யூலான்னுதான் கூப்பிட்டோம். பாவி நான், ஒருநாள்கூடக் கேக்கல."

லுவா வீட்டுக்கு ஓடினாள். எதிர்க்காற்று. மணல் முகத்தில் அறைந்தது. சுவருக்கப்பால் கடல் ஏறிக்கொண்டிருந்த இரைச்சல் கேட்டது.

மாமியார் கொட்டகையில், அதே மணையில். லுவா நேராகப் போய் முன்னால் நின்றாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"அம்மா, இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க. என் பேரு லுவா. லுவான்னு கூப்பிடுங்க. கும்பிடறேன்."

மாமியார் நிமிரவில்லை. ஒரு சிப்பியைத் திறந்தாள். இன்னொன்றைத் திறந்தாள்.

"அவ நல்ல பொண்ணு" என்றாள், மெதுவாக. "என்னை ஒருநாளும் ரெண்டாவது தடவை கூப்பிட வெச்சதில்ல. நீ நாலு தடவை கத்தினாதான் வருவ. எனக்கு முட்டி போயிடுச்சு, கை போயிடுச்சு. வேலை நடக்குதா, நடக்கட்டும். யார் செஞ்சா என்ன?"

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான்..."

மாடியில் குழந்தை அழ ஆரம்பித்தது. தூங்கி எழுந்த அழுகை. லுவா திரும்பினாள்.

மாமியாரின் கண் கத்தி முனையில் இருந்தது. கை ஓட்டுக்குள் இருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் திறந்தது.

"யூலான், குழந்தையைத் தூக்கு."

"யா..."

மேலேயிருந்து.

அழுகை நின்றது.

மாமியார் நிமிர்ந்தாள். எதிரே லுவா நிற்பதைப் பார்த்தாள். கத்தி கையிலிருந்து விழுந்தது.

லுவா ஓடினாள். படிகள் ஈரம். வழுக்கியது. முட்டி இடித்தது. எழுந்தாள். கதவு திறந்திருந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. படுக்கை நனைந்து, தண்ணீர் தரையில் சொட்டியது. பிள்ளை இல்லை. கட்டிலடியில் இல்லை. அலமாரியில் இல்லை. கடல் பக்கத்து ஜன்னல் விரியத் திறந்து காற்றில் அடித்துக்கொண்டது.

அவள் அலறினாள். அது வார்த்தையே இல்லை.

கீழே படியடியில் மாமியார் நின்றிருந்தாள். ஏற முடியாத முட்டி. தன் பேத்தியை நினைத்து முதல்முறையாக அவள் குரல் நடுங்கியது. அந்தக் குரலால் அவளுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். கட்டளையிட்டாள்.

"யூலான்! குழந்தையைக் கீழ வை! இப்பவே கீழ வை!"

லுவா ஜன்னலில் நின்றாள். சுவருக்கப்பால் சேறு மறைந்துவிட்டிருந்தது. மூங்கில் நுனிகள் மட்டும். கடைசி வரிசையில், நுனிகளுக்கு நடுவே, வீட்டுக்கு முதுகைக் காட்டி ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். மார்பளவு தண்ணீர். அவள் தோளில் ஒரு சின்னத் தலை, கரையைப் பார்த்துக்கொண்டு.

கூப்பிட வேண்டும். நிறுத்த வேண்டும். எந்தப் பெயரைச் சொல்லி?

"அம்மா, வேண்டாம்! சொல்லாதீங்க!"

தண்ணீரில் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். காற்று அவள் குரலைத் தெளிவாக ஜன்னல்வரை கொண்டுவந்தது.

"யா..."

தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் படுக்க வைப்பவள்போல, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவள் மெதுவாகக் குனிந்தாள்.